ஞாயிற்றுக்கிழமை டாடி

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி மகளின் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு இவள சிங்காநல்லூருக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க. எப்பவும் என்கூட வேலை செய்யற அக்காதான் கூட்டிட்டுப் போவாங்க. அவங்களுக்கு இந்த வாட்டி சௌகரியப்படலையாம். என்னால அந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடியாது."

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அதைச் சொல்ல நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த ஆள் என்று அவள் சொன்னது எங்கள் மகளைப் பெற்ற தகப்பனை. அவருக்கும் என் மனைவிக்கும் கல்யாணம் நடக்கவில்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. என்னை அவள் அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அவரை டாடி என்பாள். இரண்டு சொற்களுக்கும் ஒரே அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கிணத்துக்கடவில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய், வால்வு, மோட்டாருக்கு வேண்டிய சாமான்கள். கடைக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு. எங்கள் பக்கத்தில் இப்போது தோப்பும் சொந்த வீடும் இருக்கிற ஆணுக்குப் பெண் அமைவது லேசில்லை. பெண்கள் படித்து பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். பத்து வருடம் தரகர்கள் என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். பிறகு அவர்களே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். என் அக்காவை வயிற்று வலிக்காக கோயமுத்தூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் என் மனைவியைப் பார்த்தேன். ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பயந்து நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்கக்கா, சாதாரணக் கல்லுதானுங்க. டாக்டரும் இதத்தான் சொல்லுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க," என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு வேலை இல்லாமலேயே இரண்டு மூன்று தடவை அந்த இடத்துக்குப் போனேன்.

பேச்சு கல்யாணத்தை நோக்கிப் போகிறது என்று தெரிந்தவுடன் அவளே நிறுத்தினாள். "இதைக் கேட்டுட்டு அப்பறம் பேசுங்க," என்று ஆரம்பித்தாள்.

சிங்காநல்லூரில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையின் ஆபீஸில் அவள் வேலை பார்த்திருக்கிறாள். குழந்தையைப் பெற்றவர் அந்த முதலாளியின் இளைய மகன். அவருடைய குடும்பம் தெலுங்கு பேசுகிற குடும்பம். நிலத்தில் ஆரம்பித்து மில், மில்லிலிருந்து பட்டறை என்று வந்தவர்கள். இவளுடைய வீட்டார் தாத்தா காலம் வரைக்கும் அந்த மாதிரிக் குடும்பங்களின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவளுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். தன் அண்ணன் கல்யாணம் முடியட்டும், ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளலாம் என்று அந்த இளைய மகன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அண்ணன் கல்யாணமும் முடிந்தது. இவள் முழுகாமல் இருப்பதாகச் சொன்ன வாரத்தில் அவர் வீட்டிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்து, ஏதாவது பணம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றாராம். இவளுடைய அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, கேட் வரைக்கும் கூட வந்து அனுப்பிவைத்திருக்கிறார்.

குழந்தை பிறந்த பிறகு ஜீவனாம்சம் கேட்டுக் கேஸ் போட்டாள். குழந்தை தங்களுடையது இல்லை என்று அவர் தரப்பில் பதில் போட்டார்கள். கோர்ட் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. குழந்தை அவருடையதுதான் என்று முடிவு வந்தது. மாதாமாதம் குழந்தைக்கு இவ்வளவு என்று தீர்ப்பானது. அதோடு முடிந்துவிடும் என்றுதான் இவள் நினைத்திருக்கிறாள். ஆனால் பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் இவள் மடியிலிருந்த குழந்தையை அவர் பார்த்துவிட்டார். அதுவரைக்கும் பார்த்ததில்லை. சில மாதம் கழித்து, குழந்தையைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அவரே மனுப் போட்டார்.

"எம்புள்ள இல்லைன்னு சொன்ன அதே வாயி, எம்புள்ளயப் பாக்கோணும்னு சொல்லுச்சுங்க. ரெண்டையும் அந்தக் கோர்ட்டு கேட்டுச்சு," என்றாள்.

அதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாப்பா பேரென்ன?" என்று கேட்டேன். அவள் அதைச் சொல்லும்போது அழுதாள். கேஸைப் பற்றிச் சொல்லும்போது அழவில்லை.

என் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன்டா தம்பி, ஊருல இருக்கறவங்க வாய அடைக்க முடியுமா உன்னால?" என்று கேட்டாள். முடியாது என்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். அக்கா வந்தாள், புதுச் சேலை கட்டாமல்.

முதல் தடவை மகளைக் கடை வேனில் கூட்டிக்கொண்டு போனேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பேக்கரி. குழந்தையை அங்கே ஒப்படைத்து அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வது என்று இரண்டு தரப்பும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். என்னைவிட வயதும் குறைவு. மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க," என்றார்.

"வாரனுங்க. நாலு மணிக்கு இங்கயே இருப்பனுங்க," என்றேன்.

"சரிங்க. டீ சாப்புடுங்க."

எங்கள் ஊர்ப் பேச்சு இப்படிப்பட்டது. ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கிற அளவுக்குக் கோபம் இருந்தாலும் சொல்லின் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது அன்றைக்கு வசதியாக இருந்தது. என் மனைவியை ஏமாற்றி, குழந்தையே தன்னுடையது இல்லை என்று சொன்ன மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

கிணத்துக்கடவுக்குப் போய்த் திரும்பி வரலாம். ஆனால் போக மனம் வரவில்லை. பேக்கரியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். குளத்துப் பக்கம் நடந்தேன். பட்டறைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. இந்த ஒரு லீவு நாளைக்காக மனிதர்கள் வாரம் முழுக்க எத்தனை வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு அவள் புது ஷூ போட்டுக்கொண்டு இறங்கினாள். வேனில் ஏறியவுடன் பக்கத்து சீட்டிலேயே தூங்கிவிட்டாள். பொள்ளாச்சி ரோட்டில் வரும்போது அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அளவு சரியாக இருந்தது. அவள் கால் அளவு அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான்தான் போனேன். என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். மகள் வீட்டுக்குள் வந்தவுடன் குளிக்கவைத்து, உடுப்பை மாற்றிவிடுவாள். புதுச் சாமான் எது வந்தாலும் அலமாரியில் மேல் தட்டுக்குப் போய்விடும்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. நெஞ்சு விசில் அடிப்பது போலச் சத்தம். பொள்ளாச்சியில் குழந்தை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு வீசிங் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் யாரைக் கேட்கிறார் என்று உறைத்தது. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பேக்கரி வாசலில் வைத்து அவரிடம் கேட்டேன். எனக்கு அதைக் கேட்பது கூச்சமாக இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துக் காட்டினார்.

"சின்ன வயசுலருந்து இருக்குதுங்க. எங்க அப்பாவுக்கும் உண்டு. பாப்பாவுக்கு வந்துருச்சுங்களா?" என்று கேட்டவர், "நைட்டுல தலகாணிய ரெண்டா வச்சுப் படுக்கச் சொல்லுங்க. தேங்காய் மட்டை உரிக்கற பக்கம் விடாதீங்க," என்றார். எனக்கு அந்த இடத்தில் நன்றி சொல்லத் தோன்றியது. அதே நேரம் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி ரோட்டில் எறிய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தபோதுதான் எனக்கு அந்த ஆசை பெரிதாக வந்தது. குழந்தை பிறந்தபோது என் மனைவி தன் பெயரின் முதல் எழுத்தையே இனிஷியலாகப் போட்டிருந்தாள். எனக்கு என் எழுத்து அங்கே வர வேண்டும். என் மனைவிக்கு வாதாடிய வக்கீல் அம்மாவிடம் போனேன். கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் மாடி அறை. சிரித்த முகம், ஆனால் எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"ரெண்டு விஷயங்க," என்றேன். "மாசாமாசம் அவரு போடறது எங்களுக்கு வேண்டாங்க. புள்ளய நானே வளத்திக்கறேன். இன்னொண்ணு, இனிஷியல் என்னுது வரோணும்."

"மொதல்ல காசு," என்றார் அவர். "அது உங்களுக்கு வரலீங்க. உங்க சம்சாரத்துக்கும் வரல. பாப்பாவுக்கு வருது. வேண்டாம்னு சொல்றதுக்கு உங்க ரெண்டு பேருக்குமே அதிகாரமில்ல. அவரு பாக்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அது நிக்காது. பாக்கறது அவரோட உரிமை, வேணும்னா விட்டுக்குடுக்கலாம். காப்பாத்தறது கடமை, அத விட்டுக்குடுக்க முடியாது."

"அப்ப நான் யாருங்க?"

 "சட்டப்படி கேக்கறீங்களா? சட்டப்படி நீங்க அம்மாவோட வீட்டுக்காரர். பாப்பாவுக்கு நீங்க யாரும் இல்லீங்க. நாளைக்கு உங்க சம்சாரத்துக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா பாப்பா போறது அவருகிட்டத்தான். இனிஷியல் மாத்தோணும்னா தத்தெடுக்கோணும், அதுக்கு வழி இருக்கு. நீங்க தத்தெடுத்துட்டா அவரோட பொறுப்பும் முடிஞ்சுது, உரிமையும் முடிஞ்சுது. ஆனா அவரு சம்மதிக்கோணும். சம்மதிப்பாரா?"

பேக்கரி வாசலில் மகளைத் தூக்கிக்கொள்கிற கைகளை நினைத்துப் பார்த்தேன். "மாட்டாருங்க," என்றேன்.

மகள் முதல் வகுப்பு முடித்த கோடையில் அவரிடமிருந்து போன் வந்தது. தனியாகப் பேச வேண்டும், பாப்பா வேண்டாம் என்றார். அதே பேக்கரிக்குப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து, டம்ளரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்குதுங்க. பொண்ணு ஈரோடு. அவங்க ஊட்டுல இதெல்லாம் தெரியாதுங்க. எங்க ஊட்டுல சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க தத்தெடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இனி ஞாயித்துக்கெழம வரது எனக்குத் தோதுப்படாதுங்க."

நான் கேட்டு ஏங்கிய ஒன்று தானாக வந்து என் மடியில் விழுந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஒத்தக்கால் மண்டபம் தாண்டும்போது ஹார்ன் அடித்தேன், முன்னால் யாருமே இல்லை.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "நெசமாலுமே முடிஞ்சுதுங்களா?" அன்றைக்கு அவள் சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன். எனக்குத் தெரிந்து அதுவரைக்கும் அவள் பாடியதில்லை.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. அவர் கடைசியாக ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார் என்று நான் நினைத்தேன். அடுத்த இரண்டாவது ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரத்தில்தான் அவளுக்கு முதல் பல் விழுந்திருந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, டாடியிடம் காட்ட எடுத்து வந்திருந்தாள். தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டு ஒவ்வொரு காராக எண்ணினாள். மதியம் வரைக்கும் இருந்தோம். நான் போன் செய்தேன். எடுக்கவில்லை.

"டாடி கார் பஞ்சர் ஆயிருக்கும்ப்பா," என்றாள்.

"இருக்குங்கண்ணு."

அதற்கடுத்த மாதமும் அவளே கிளம்பினாள். என் மனைவி வேண்டாம் என்றாள். "ரெண்டு மாசம் போனா மறந்துருவா. நீங்களே கூட்டிட்டுப் போயிக் காட்டாதீங்க," என்றாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பஞ்சர் என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில், ஈச்சனாரிக்குப் பக்கத்தில் சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"அப்பா, போன வாட்டி டாடி வாங்கிக் குடுத்த வாட்டர் பாட்டில நான் தொலைச்சுப்போட்டனே, அதுக்குத்தான் வரலீங்களா?"

சிக்னல் பச்சையாகிப் பின்னாலிருந்தவர்கள் சத்தம் போடுகிற வரைக்கும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவருடைய பட்டறைக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. லேத் மிஷின்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே கண்ணாடி போட்ட அறை. என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பேப்பர் ரெடியாயிருச்சுங்களா?"

"பேப்பருக்கு வரலீங்க. ரெண்டு மாசமா அவ பேக்கரி வாசல்ல உக்காந்துட்டு வாரா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் உட்கார்ந்தார். "கொஞ்சங் கொஞ்சமா மறந்துரட்டும்னு இருந்துட்டனுங்க. நேர்ல பாத்தா எனக்குச் சொல்ல வராது."

"பாட்டில் தொலைச்சதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனைச்சுட்டு இருக்காளுங்க."

"எந்தப் பாட்டில்?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை. பிறகு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நீங்கதான அப்பாவா இருக்கோணும்னு ஆசப்பட்டீங்க? எனக்குத் தெரியும்ங்க. உங்களப் பாத்தாலே தெரியும். அதான் குடுத்துட்டனே, இன்னும் என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

"ஆசதானுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க செத்துப்போனவரு இல்லீங்களே. மாசாமாசம் வந்து தூக்கிட்டிருந்தவரு. வரப்போறதில்லைன்னா நீங்களே வந்து சொல்லுங்க. அத நான் சொல்ல முடியாது. சொன்னா, நாந்தான் உங்கள வரவிடலைன்னு பின்னால நெனைப்பா."

"பொண்ணு ஊட்டுல தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோயிருங்க."

"என் சம்சாரம் எல்லாத்தையும் என்கிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க கட்டிக்கிட்டா. நிக்கலீங்களே," என்றேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். பிறகு, "நீங்க பெரிய மனசுக்காரருங்க," என்றார். மெய்யாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். மறைத்து வைக்க எனக்கு வராது. அவள் சத்தம் போடவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கோர்ட்டுல அவங்க வக்கீல் என்னை என்ன கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? ஆபீஸ்ல வேற எத்தன ஆம்பளைங்க வேலை செஞ்சாங்கன்னு கேட்டாரு. ஒவ்வொருத்தர் பேரா சொல்லச் சொன்னாரு. எங்கப்பா அங்க நின்னுட்டிருந்தாரு. அந்த ஆளும் அங்கதான் நின்னாரு. ஒரு வார்த்த பேசல. நான் அத்தன பேரையும் சொன்னேன்." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அந்த ஆளு போறேன்னு தானா சொன்னாரு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நீங்க போயி மறுபடியும் கூப்புட்டுட்டு வந்துருக்கீங்க. யாரக் கேட்டுட்டுப் போனீங்க?"

"பாப்பாவுக்காக."

"எனக்காகவும் ஒருத்தராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

 அவளிடம் கேட்டிருந்தால் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், அது தெரிந்துதான் கேட்காமல் போனேன். சில வாரங்கள் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். வீட்டில் மகள் ஒருத்தியின் சத்தம்தான்.

அவர் வந்தார். அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கார் இல்லாமல் பேக்கரிக்கு பைக்கில் வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க," என்றார். மகள் தீப்பெட்டியைத் திறந்து பல்லைக் காட்டினாள். பார்த்தார். பிறகு, "டாடிக்குக் கல்யாணம் கண்ணு," என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. "எனக்கு என்ன கலர் கவுன் எடுக்கோணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நீ வர முடியாதும்மா. அது நெம்ப தூரம்."

"எனக்கு வாமிட் வராது டாடி. ஊட்டிக்கே போயிட்டு வந்தேன். அப்பாவ வேணா கேளுங்க."

"இல்ல கண்ணு. இனிமேட்டு டாடியால அடிக்கடி வர முடியாது. அதச் சொல்லத்தான் வந்தேன். நீ ஒண்ணும் பண்ணல. பாட்டிலுக்கு இல்ல."  இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து, "எனக்கும் இருக்குது," என்று காட்டினாள்.

கல்யாணம் நடந்தது. பணம் மட்டும் மாதம் தவறாமல் மகளின் கணக்குக்கு வந்தது. தத்துப் பேப்பர் பற்றி நான் வக்கீல் அம்மாவிடம் பேசவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. மகள் கொஞ்ச நாள் இரண்டாவது ஞாயிறு வந்தால் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவாள், பிறகு அதுவும் நின்றது.

வருடம் திரும்புவதற்குள் அவர் மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. பேங்க் மெசேஜைப் பாத்துட்டாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். அவங்க பாப்பாவப் பாக்கோணுங்கறாங்க."

நான் இந்தத் தடவை என் மனைவியிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம். ஒரு வாட்டி பாத்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அந்தப் பெண் சின்ன வயது. வயிற்றில் குழந்தை இருந்தது. பேக்கரியில் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, எந்த ஸ்கூல், எந்த கிளாஸ், என்ன பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மகள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மகளின் கையைப் பிடித்து, அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. மகள் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் என்னையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், "அப்பா, நான் இனி அங்க வரலீங்க."

"ஏங்கண்ணு?"

"அங்க எல்லாரும் என்னப் பாத்தா அழுவறாங்க."

நான் அவளுக்கு ஏதாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவர் வர வேண்டும் என்று அந்தப் பட்டறைக்கே போய் வாதாடினவன் நான். ஆனால் அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள், அதில் கோபம்கூட இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் கடைக்கு வெளியே நின்று அவருக்குப் போன் செய்தேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.  அந்தப் பக்கம் அவர் மூச்சு இரைப்பது கேட்டது.

"சரிங்க. அவ சொன்னா சரிதானுங்க," என்றார் கடைசியில். "மாசாமாசம் போடறதுல ஒண்ணும் கொறையாதுங்க."

"அது அவளுக்குச் சேர வேண்டியதுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றேன். நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

"தெரியும்ங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியாமச் சொன்னேன்," என்றார். பிறகு, "எப்பவாச்சும் அவளா வரேன்னு சொன்னா, எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க," என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் போனேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசினேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, "அவ அழுதாளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வக்கீலம்மாகிட்ட இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாங்க. அவளுக்கு வெவரம் தெரியட்டும். யாரு எழுத்து வேணும்னு அவளையே கேட்டுக்கலாம்."

"சரி," என்றேன். என் எழுத்தை அவள் கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. அதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

மகள் முன்னறையில் டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏதோ கார்ட்டூன், சத்தம் அதிகம். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போய், சத்தத்தைக் குறைக்கச் சொல்லாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து மகள் திரும்பாமலேயே அவள் மேல் சாய்ந்துகொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் மீதிக் காயை நறுக்கினேன்.